பெய்லி பாலம் கட்டும்போது அதிகாரி எங்கே நிற்கிறார்?

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாடு மாவட்டத்தின் மேப்பாடிப் பகுதியில் மலை சரிந்தபோது, சூரல்மலைக்கும் முண்டக்கைக்கும் இடையே இருந்த பாலமும் வெள்ளத்தோடு போய்விட்டது. அக்கரையில் மண்ணுக்குள் புதைந்த வீடுகளைத் தோண்ட மண்வாரி இயந்திரங்கள் போக வேண்டும், அடிபட்டவர்களைக் கொண்டுவர ஆம்புலன்ஸ் போக வேண்டும், இரண்டுக்கும் வழியில்லை. பெங்களூருவிலிருந்து விரைந்த, ராணுவப் பொறியாளர் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்கள் மழைக்கு நடுவே இரவெல்லாம் வேலை செய்து, 190 அடி நீளத்தில், 24 டன் எடையைத் தாங்கும் பெய்லி பாலம் ஒன்றை ஆகஸ்ட் 1 மாலையில் கட்டி முடித்தார்கள். அந்தப் பணியில் முன்னின்ற மேஜர் சீதா ஷெல்கேயின் படம் நாடெங்கும் பரவியது. செய்தியாளர்கள் கேட்டபோது, பாலத்தை அமைத்த குழுவில் தானும் ஒருவர் என்பதில் பெருமைப்படுவதாக அவர் சொன்னார்.

அந்த வாரம் என் துறையைச் சேர்ந்த பலர் அந்தப் படத்தைப் பகிர்ந்து, ராணுவக் கட்டுப்பாடு நம் ஊழியர்களிடமும் இருந்தால் எவ்வளவோ சாதிக்கலாம் என்று எழுதினார்கள். பாராட்டியவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனால் பாலம் அவ்வளவு விரைவாக எழுந்ததற்குக் காரணம் சொன்னதைச் செய்யும் கீழ்ப்படிதல்தான் என்ற எண்ணம் அந்த வரிகளுக்குள் இருந்தது. குறுகியகாலப் பணி அதிகாரியாகப் பொறியாளர் படையில் இருந்துவிட்டு, இப்போது கட்டுமானத் துறையில் வேலை பார்க்கும் எனக்கு, அந்த எண்ணத்தை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. நல்ல ராணுவக் குழுவில் வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் உத்தரவுகள் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்துக்கு வெகு முன்பே தலைவர் செய்து முடித்திருக்க வேண்டிய காரியங்கள் நிறைய உண்டு. அவற்றைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

பெய்லி பாலத்தையே எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டனின் போர்த்துறையில் சிவில் பொறியாளராக இருந்த டொனால்ட் பெய்லி, இரண்டாம் உலகப்போரின் தொடக்க ஆண்டுகளில் இதை வடிவமைத்தார். கிரேன் இல்லாத இடத்திலும் கட்ட முடிய வேண்டும், உறுப்புகள் சாதாரண லாரியில் ஏற வேண்டும், ஆட்கள் கையால் தூக்கக்கூடிய எடையை எதுவும் தாண்டக் கூடாது என்பவை அதன் அடிப்படைகள். பாலத்தின் பக்கச் சட்டமாக அமையும் பேனல் 10 அடி நீளம், 5 அடி உயரம், ஏறக்குறைய 260 கிலோ எடை. ஆறு பேர் தூக்குக் கம்பிகளைச் செருகி அதைச் சுமப்பார்கள். ஒரு பேனலை அடுத்த பேனலோடு 'பின்' என்னும் இரும்பு முளையால் பிணைத்து, குறுக்கே டிரான்சம் என்னும் உத்திரங்களை வைத்து, அவற்றின் மேல் நீளவாட்டில் சட்டங்களையும் பலகைகளையும் பரப்பினால் பாதை தயார்.

இதில் வியப்பானது, பாலம் முழுவதும் இக்கரையிலேயே கோக்கப்பட்டு, உருளைகளின் மேல் வைத்து ஆட்களாலேயே அக்கரையை நோக்கித் தள்ளப்படுகிறது என்பதுதான். முன்பக்கம் பலகை போடாத இலேசான எலும்புக்கூடு போன்ற மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மூக்கு அக்கரை உருளையைத் தொடும்வரை, முழுப் பாலத்தின் எடை மையமும் இக்கரை உருளைக்குப் பின்னாலேயே இருந்தாக வேண்டும். பின்னால் பேனல் சேர்ப்பவர்கள் பிந்தினால் முன்னால் தள்ளுபவர்கள் காத்திருக்க வேண்டும். அவர்கள் காத்திராமல் தள்ளினால் பாலம் பள்ளத்தில் கவிழும். ஆகவே பேனல் சுமப்பவர்கள், 'பின்' அடிப்பவர்கள், டிரான்சம் வைப்பவர்கள், குறுக்குப் பிணைப்பு பூட்டுபவர்கள், பலகை பரப்புபவர்கள் என ஒவ்வொரு அணிக்கும் தன் வேலையோடு அடுத்த அணியின் வேலையும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். பயிற்சியில் அணிகளை மாற்றி மாற்றிப் போடுவதன் நோக்கமே அதுதான். இன்று 'பின்' அடித்தவர் நாளை டிரான்சம் சுமப்பார். தான் ஒரு நொடி தாமதித்தால் யாருடைய தோள் வலிக்கும் என்பதை அவர் தன் தோளிலேயே உணர்ந்திருப்பார்.

பேனலைத் தூக்கும் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பக்கத்துக்கு மூவராக ஆறு பேர் நிற்கிறார்கள். ஏறக்குறைய ஒரே உயரமுள்ளவர்களை ஹவில்தார் முன்பே பார்த்து நிறுத்தியிருக்கிறார். உயரம் வேறுபட்டால் சுமையெல்லாம் ஒருவர் மேல் சாய்ந்துவிடும். தூக்கு, நட, நில், இறக்கு என்பதற்கான சொற்கள் ஒருவர் வாயிலிருந்து மட்டுமே வரும். பேனலுக்கு மிக அருகில் நிற்கும் அந்த அணித் தலைவர்தான் அந்த ஒருவர். அங்கே கர்னலே வந்து நின்றாலும் அந்தச் சொற்களைச் சொல்லமாட்டார். இரண்டு குரல்கள் வந்தால் மூன்று பேர் ஒன்றைக் கேட்பார்கள், மூன்று பேர் மற்றதைக் கேட்பார்கள், 260 கிலோ இரும்பு யாருடைய காலிலாவது விழும். ஆனால் 'நிறுத்து' என்ற சொல்லுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. 'பின்' செருகும் துளை நேராக வரவில்லை என்பதைப் பார்த்த மிக இளைய சாப்பரும் அதைச் சொல்லலாம். சொன்னவுடன் எல்லாம் நிற்கும். ஏன் சொன்னாய் என்று அந்த இடத்தில் யாரும் அதட்டமாட்டார்கள். எங்கள் பயிற்சியில் இது கண்டிப்பான விதி.

இவ்வளவும் நடக்கும்போது அதிகாரி எங்கே நிற்கிறார் என்பதுதான் தலைப்பில் நான் கேட்ட கேள்வி. அவர் பேனலைத் தொடுவதில்லை. உருளைகள், பாலத்தின் வால், முன்னே நீளும் மூக்கு ஆகிய மூன்றும் ஒரே பார்வையில் படும்படி பக்கவாட்டில் சற்றுத் தள்ளி நிற்கிறார். பாலம் கோணுகிறதா, உருளைக்கு அடியில் மண் அமிழ்கிறதா, அடுத்துத் தேவைப்படும் உறுப்பு லாரியிலிருந்து இறங்கிவிட்டதா என்பனவற்றை அவர் ஒருவர்தான் முழுமையாகப் பார்க்க முடியும். தானும் கம்பியைப் பிடித்துத் தூக்கினால் ஆட்கள் மகிழ்வார்கள் என்று இளம் அதிகாரிக்குத் தோன்றும். அந்த மகிழ்ச்சி உண்மையாகவே கிடைக்கும். ஆனால் முழுவதையும் பார்க்க அங்கே யாரும் இல்லாமல் போய்விடும். நிறுவனங்களில் உயர்பொறுப்புக்கு வந்த பிறகும் பழைய வேலையைவிட்டு வர மனமில்லாமல், ஒவ்வொரு வரைபடத்தையும் தாமே திருத்திக்கொண்டிருக்கும் திறமைசாலிகளைப் பார்க்கும்போது இந்தப் பாடம் எவ்வளவு கடினமானது என்று புரிகிறது.

அப்படிச் சும்மா நிற்க முடிவதற்கு, வேலை தொடங்குமுன் நடக்கும் ஒன்று காரணம். ராணுவத்தில் அதை சாண்ட் மாடல் என்பார்கள். தரையில் மணலைக் குவித்து ஆற்றையும் கரையையும் பாதையையும் உருவாக்கி, வண்ணப்பொடியும் சிறு கொடிகளும் வைத்து, அதைச் சுற்றி எல்லோரையும் உட்காரவைத்து உத்தரவை விளக்குவது வழக்கம். உத்தரவுக்கு ஒரு நிரந்தர வரிசை உண்டு: நிலைமை என்ன, நோக்கம் என்ன, எப்படிச் செய்யப்போகிறோம், உணவும் மருத்துவமும் தளவாடமும் எங்கே, யார் யாரோடு எப்படித் தொடர்பு கொள்வது. இவற்றுள் நோக்கம் மட்டும் ஒற்றை வாக்கியத்தில் இருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்ன நேரத்துக்குள் இன்ன எடையுள்ள வண்டி இந்த ஆற்றைக் கடக்க வேண்டும் என்பதுபோல. முறை மாறலாம், மழையில் ஒரு கரை இடிந்தால் மாறித்தான் ஆக வேண்டும். நோக்கம் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் தொடர்பு அறுந்த நிலையிலும் அணித் தலைவர் சரியான முடிவை எடுப்பார். அதிகாரி அடிபட்டால் அடுத்தவர், அவரும் விழுந்தால் அதற்கு அடுத்தவர் என்று பொறுப்பு இறங்கிவரும் வரிசையும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருக்கும். தான் இல்லாமல் போகும் சாத்தியத்தைத் தன் ஆட்கள் முன்னால் தானே பேசி, அதற்கு ஏற்பாடும் செய்யும் வழக்கத்தை நான் வேறு எந்தத் தொழிலிலும் இவ்வளவு இயல்பாகப் பார்த்ததில்லை.

இனி, அதிகாரிக்கும் ஜேசிஓ எனப்படும் இளநிலை ஆணைய அதிகாரிக்கும் உள்ள உறவைப் பற்றி. கூட்டுழைப்பு பற்றி ராணுவத்தில் நான் கற்றவற்றில் மிகப் பெரிய பகுதி இதுதான். சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலிருந்து வெளிவரும் லெப்டினென்ட்டுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். அவருக்குத் துணையாக நிற்கும் நாயிப் சுபேதார் சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். அந்த லெப்டினென்ட் பள்ளிக்குப் போகத் தொடங்கிய காலத்திலேயே சீருடை அணிந்திருந்தவர். அதிகாரம் இளையவரிடம் இருக்கிறது, அனுபவம் மூத்தவரிடம் இருக்கிறது. இந்த ஏற்பாடு சண்டையில் முடியாமல் இருப்பதற்கு இருவரும் காக்கும் மரியாதையே காரணம். சுபேதாரை அதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சாப்' என்றுதான் அழைப்பார். அவரும் இவரை அப்படியே அழைப்பார்.

எனக்கு வாய்த்த நாயிப் சுபேதார் வேலூர்ப் பக்கத்துக்காரர். ஒருமுறை பயிற்சிப் பாலத்துக்கான உத்தரவைச் சொல்ல நான் புறப்படும் வேளையில், ஆட்கள் யாரும் இல்லாத இடத்தில் வந்து, "சாப், ராத்திரி மழையில மண்ணு நல்லா ஊறியிருக்கு. ரோலருக்கு அடியில இன்னொரு வரிசை கட்டை போட்டுட்டு ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். இருவரும் போய்க் காலால் அழுத்திப் பார்த்தோம். அவர் சொன்னது சரியாக இருந்தது, ஒப்புக்கொண்டேன். பிறகு ஆட்களிடம் அவர், "சாப் மண்ணைப் பார்த்துட்டு இன்னொரு வரிசை கட்டை போடச் சொல்லியிருக்காங்க" என்று அறிவித்தார். மாற்றுக்கருத்தை எங்கே, எப்போது, எந்தச் சொல்லில் சொல்வது என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் எந்த மேலாண்மை வகுப்பிலும் கேட்டதில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. அப்படி அவர் வந்து சொல்வதற்குத் தகுந்த நேரத்தையும் தனிமையையும் ஒவ்வொரு நாளும் ஒதுக்கித் தருவது அதிகாரியின் கடமை. உத்தரவு சொல்லுமுன் சுபேதாரோடு ஒரு சுற்று நடந்து வரவேண்டும் என்று என் மூத்த அதிகாரிகள் வற்புறுத்தியது இதற்காகத்தான். அந்த நடையில்தான் முக்கால்வாசிப் பிழைகள் பிடிபடும்.

1932 டிசம்பர் 10 அன்று டேராடூனில் இந்திய ராணுவ அகாடமியின் தொடக்க விழாவில் அப்போதைய தலைமைத் தளபதி பிலிப் செட்வுட் ஆற்றிய உரையின் ஒரு பகுதி இன்றும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் எப்போதும் முதலில். நீ நடத்தும் ஆட்களின் மானமும் நலனும் வசதியும் அடுத்து. உன் சொந்த வசதியும் பாதுகாப்பும் எப்போதும் கடைசியில் என்பது அதன் சாரம். எந்த அகாடமியிலிருந்து வந்த அதிகாரிக்கும் இது மனப்பாடம். முகாமில் இதற்கு மிக எளிய வடிவங்கள் உண்டு. நீண்ட நடைக்குப் பிறகு அதிகாரி முதலில் ஆட்களின் கால்களைப் பார்ப்பார், கொப்புளத்துக்கு மருந்து போட்டாகிவிட்டதா என்று கேட்பார், அதன் பிறகுதான் தன் பூட்ஸைக் கழற்றுவார். வெளியிடத்தில் உணவு வந்தால் எல்லோர் தட்டிலும் விழுந்துவிட்டதை அறிந்தபின் தான் சாப்பிடுவார். ஊரில் நிலத்தகராறு, தங்கையின் திருமணம், மனைவியின் பிரசவம் என்று ஒருவருடைய மனம் எங்கே கிடக்கிறது என்பதைத் தெரிந்துவைத்திருப்பார். மனம் ஊரில் இருப்பவரை அன்று ஆபத்தான வேலையில் நிறுத்தமாட்டார்.

ஆட்களின் மொழியைக் கற்பதும் இதில் சேர்ந்தது. தென்னிந்தியர்கள் நிறைந்த படைப்பிரிவுக்கு வந்த வடநாட்டு நண்பர் ஒருவர் ஆறேழு மாதத்தில் தமிழில் குறை கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார். இலக்கணம் தடுமாறினாலும், விடுப்புக்காக வந்து நிற்பவர் தன் வீட்டுக் கதையை இன்னொருவரை இடையில் வைத்துச் சொல்லும் சங்கடம் நீங்கியது.

இந்த உறவு எதன் மேல் நிற்கிறது என்பதைக் காட்டும் நிகழ்வு ஒன்று உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சின் பனிமலையில், ஏறக்குறைய 19,600 அடி உயரத்தில் உள்ள சோனம் காவல் நிலையைப் பனிச்சரிவு மூடியது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்கள் புதைந்தார்கள்; அவர்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். யாரும் பிழைத்திருக்க வழியில்லை என்றே எல்லோரும் கருதிய நிலையிலும், மூச்சுவிடவே காற்றுப் போதாத அந்த உயரத்தில், பாறைபோல் இறுகிய பனியை வெட்டித் தேடுவதைச் சக வீரர்கள் நிறுத்தவில்லை. ஆறு நாட்களுக்குப் பிறகு, சுமார் 25 அடி ஆழத்தில் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பாட் உயிரோடு கிடைத்தார். டெல்லிக்குக் கொண்டுவரப்பட்ட அவர் பிப்ரவரி 11 அன்று இறந்தார் என்ற செய்தியைக் கேட்டபோது அடைந்த துயரம் இன்னும் மனத்தில் இருக்கிறது. மற்ற ஒன்பது பேரின் உடல்களும் மீட்கப்பட்டு அவரவர் ஊருக்கு வந்து சேர்ந்தன. தான் விழுந்தால் தன்னை எடுக்க ஆள் வரும், உயிர் போனாலும் உடல் வீட்டுக்குப் போகும் என்ற உறுதி ஒவ்வொரு வீரருக்கும் இருக்கிறது. அந்த உறுதி இல்லாத இடத்தில் அணிவகுப்பும் சல்யூட்டும் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் நெருக்கடியில் குழு சிதறிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் இதே கவனம் இருக்கிறது. எஸ்எஸ்பி என்னும் படைத் தேர்வு வாரியம் நடத்தும் ஐந்து நாள் தேர்வில் குழுப் பணிகள் நடக்கும் திடல் ஒன்று உண்டு. கட்டங்களும் கம்பங்களும் நட்ட திடலில், ஒரு பலகையும் ஒரு கழியும் ஒரு கயிறும் சுமக்க ஒரு மூட்டையும் கொடுத்து, தரையைத் தொடாமல், சிவப்பு அடித்த இடங்களில் கால் படாமல் அந்தப் பக்கம் போகச் சொல்வார்கள். யாரையும் தலைவராக நியமிப்பதில்லை. தேர்வு அதிகாரி பக்கத்தில் நின்று வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். யோசனையை உரக்கச் சொல்லிவிட்டு முதலாளாகத் தாண்டிப்போகும் இளைஞர்கள் பலர் உண்டு. கடைசி ஆள் தாண்டும்வரை பலகையின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பவர், பேசாமல் ஒதுங்கி நின்றவரின் யோசனையைக் கேட்டுச் செயல்படுத்துபவர், இன்னொருவர் சொன்னது தன்னுடையதைவிட நல்லது என்று கண்டதும் தன் யோசனையைக் கைவிடுபவர் என்று சிலரும் இருப்பார்கள். இதோடு உளவியலாளரின் மதிப்பீடும் நேர்காணலும் சேர்ந்தே முடிவு எடுக்கப்படுகிறது. நம் நிறுவனங்களில் மேலாளரைத் தேர்ந்தெடுக்கும்போது தனி ஆளாக அவர் சாதித்ததை மட்டுமே பார்க்கிறோம். அவர் மற்ற ஐந்து பேரோடு சேர்ந்து ஒரு வேலை செய்வதை அரை நாள் பார்த்துவிட்டு முடிவெடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று நான் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன்.

கட்டுமானத்துக்கு வந்தபின் இவற்றில் எது பயன்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். பெரிய தளத்துக்குக் கான்கிரீட் போடும் இரவு எங்கள் துறையில் பதற்றமான நேரம். ரெடிமிக்ஸ் லாரி ஆலையிலிருந்து கிளம்பியதுமே காலம் ஓடத் தொடங்கிவிடும். பம்ப் அடைத்தாலோ லாரி போக்குவரத்தில் சிக்கினாலோ, ஏற்கெனவே போட்ட பகுதி இறுகி, புதியதோடு சேராமல் கோல்டு ஜாயின்ட் விழுந்துவிடும். நான் முதலில் பார்த்த ஒரு பணித்தளத்தில் அப்படிப்பட்ட இரவில் பம்ப் ஆபரேட்டர் முதல் கம்பி கட்டும் மேஸ்திரி வரை ஒவ்வொருவரும் திட்ட மேலாளருக்கே போன் செய்துகொண்டிருந்தார்கள். அவருடைய தொலைபேசி எப்போதும் பேச்சில் இருக்கும். முடிவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் கான்கிரீட் இறுகிக்கொண்டிருக்கும்.

என் பொறுப்பில் வந்த பணித்தளங்களில் முந்தின நாள் மாலையிலேயே சென்ட்ரிங் ஆட்கள், கம்பி வேலை செய்பவர்கள், வைப்ரேட்டர் பிடிப்பவர்கள், பம்ப் ஆபரேட்டர், மின்பணியாளர் என எல்லோரையும் அந்தத் தளத்தின் மேலேயே கூட்டி, ப்ளைவுட் பலகையில் சாக்குக்கட்டியால் தளத்தை வரைந்து, எந்த மூலையில் தொடங்கி எந்த மூலையில் முடிக்கிறோம் என்று காட்டுவது வழக்கமாயிற்று. நோக்கம் ஒரு வாக்கியம்: விடிவதற்குள் கோல்டு ஜாயின்ட் விழாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும். லாரி தாமதமானால் எந்த விளிம்பை ஈரமாக வைத்திருப்பது என்பதை மேஸ்திரியே முடிவு செய்யலாம்; பம்ப் அடைத்தால் எவ்வளவு நேரம் முயன்று பார்த்துவிட்டு மாற்று பம்புக்குச் சொல்வது என்பதை ஆபரேட்டரே முடிவு செய்யலாம்; தளத்தைத் தாங்கும் முட்டுக்கால் அசைவதைக் கண்டால் யாராக இருந்தாலும் 'நிறுத்து' என்று கத்தலாம். ஆட்களில் பெரும்பாலோர் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வருபவர்கள். ராணுவத்தில் பழகிய இந்தி எனக்கு இங்கே கைகொடுத்தது. என் இளம் பொறியாளர்களிடமும் மொழிபெயர்க்கும் ஆளை நம்பியிருக்காமல் அடிப்படை இந்தியாவது கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். அந்த மாலைக் கூட்டம் வழக்கமான பின், இரவில் என் போன் அதிகம் ஒலிப்பதில்லை. எனவே தளத்தின் ஓரத்தில் நின்று முழுவதையும் பார்க்க முடிகிறது.

ராணுவத்திலிருந்து எடுத்துவரக் கூடாதவையும் இருக்கின்றன. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. அங்கே உத்தரவின் பின்னால் 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் நிற்கிறது. கீழ்ப்படியாதவரைத் தண்டிக்க நீதிமன்றம் இருக்கிறது. வீரர் விரும்பியபடி மறுநாளே வேலையை விட்டுவிட முடியாது. நிறுவனத்தின் மேலாளருக்கு இவற்றில் எதுவும் கிடையாது, இருக்கவும் கூடாது. ஆகவே ராணுவத்தின் அதட்டலையும் படிநிலை விறைப்பையும் மட்டும் கடன் வாங்கி, ஆட்களைக் கடைசிவரை கைவிடாத பொறுப்பை விட்டுவிடுபவர் எதையுமே பெறுவதில்லை. அதிகாரிகளின் சொந்த வேலைக்கு வீரர்களை வைத்துக்கொள்ளும் வழக்கம் ராணுவத்துக்குள்ளேயே நியாயமான கண்டனத்துக்கு உள்ளானது; அதன் சாயல்கூட நம் அலுவலகங்களில் வேண்டாம். சீருடைபோன்ற சட்டை அணிவித்து, ஊழியர்களை ஒருநாள் மலைப்பகுதிக்கு அழைத்துப்போய்க் கயிறு ஏறவைக்கும் முகாம்களிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ராணுவத்தில் குழு உருவாவது தினமும் சேர்ந்து செய்யும் உண்மையான வேலையில். கணக்குப் பிரிவு தன் மாதக்கடைசி வேலையையே சேர்ந்து ஒத்திகை பார்த்தால், அந்தக் கயிற்றைவிட அதிகப் பலன் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று, இதில் எனக்கு வருத்தமும் உண்டு. வேலூர் மாவட்டத்தின் கம்மவான்பேட்டை போல, வீட்டுக்கு ஒருவராவது படையில் இருக்கும் ஊர்கள் நம்மிடம் இருக்கின்றன. சிப்பாயாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டி ஓய்வுபெற்று ஊர் திரும்புகிறார்கள். பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனைப் பல ஆண்டுகள் நடத்திய ஹவில்தாரை, முப்பதுக்கும் மேற்பட்டோரின் பயிற்சியையும் உணவையும் விடுப்பையும் சச்சரவையும் கவனித்த நாயிப் சுபேதாரை, நம் நிறுவனங்கள் எங்கே அமர்த்துகின்றன? வாசலில் காவலுக்கு. ராணுவத்திடம் தலைமைப்பண்பு கற்க வேண்டும் என்று உள்ளே கருத்தரங்கு நடக்கிறது. அதைக் கற்றவர் வெளியே வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டிருக்கிறார். 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நான்கு ஆண்டுகளுக்குப் பின் நிரந்தரமாக்கப்படுவார்கள். மற்றவர்கள் இருபதுகளின் நடுவிலேயே வெளியே வருவார்கள். செக்‌ஷனை நடத்தும் பொறுப்பு கைக்கு வருமுன்பே திரும்பிவிடும் அவர்களுக்கு, மீதிப் பாடத்தை யார் கற்றுக்கொடுப்பது என்ற கேள்வியும் இதோடு சேர்ந்துவிடுகிறது.

எங்கள் பணித்தளத்தில் காவலுக்கு வந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரை, நிர்வாகத்திடம் பேசிச் சென்ட்ரிங் மேற்பார்வைக்கு மாற்றினோம். அவருக்குக் கட்டுமானத்தில் முன்னனுபவம் குறைவு. அதை மேஸ்திரிகளிடம் கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டார். முதல் வாரத்தில் அவர் செய்தது, ஒவ்வொரு தொழிலாளியின் பெயர், ஊர், வீட்டுத் தொலைபேசி எண், இதற்குமுன் செய்த வேலை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதியது. இரண்டாம் வாரத்தில் ஒவ்வொரு அணியிலும் தான் இல்லாதபோது பொறுப்பேற்க இருவரைப் பெயர் சொல்லி அறிவித்தார். மாலையில் கருவிகளை எண்ணி வாங்கி வைக்கும் வழக்கமும், புதிதாக வந்தவரைப் பழையவர் ஒருவரோடு இணைத்துவிடும் வழக்கமும் அவர் கொண்டுவந்தவை. பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போயிருந்த நாட்களில் ஒடிசாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வேலையை நடத்தினார். முட்டுக்கால் சோதனைப் பதிவேட்டில் ஒரு நாள்கூட விடுபடவில்லை. இதே பொறுப்புக்கு மேலும் இரண்டு முன்னாள் படைவீரர்களை எடுக்க வேண்டும் என்று கேட்டு, அந்தப் பதிவேட்டின் நகலையும் இணைத்து நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். காவலர் சம்பளத்தில் எடுப்பதாக இருந்தால் வேண்டாம், மேற்பார்வையாளர் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றும் அதில் குறிப்பிட்டிருக்கிறேன்.